குடிய விட கூட்டம் தேடுறீங்களா? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் எங்க தொடங்குறது, எப்பிடிப் போறது

கூட்டத்தைத் தேட முதல் ஒரு விசயம் சொல்லிடுறன். ஒவ்வொரு நாளும் குடிக்கிற ஆள், விடிய எழும்பினதும் கை நடுங்குது, ஒரு கால் போத்தல் உள்ள போனாத்தான் நடுக்கம் அடங்குது எண்டா, அந்த ஆள் வீட்டுல இருந்துகொண்டு திடீரெண்டு நிப்பாட்டக் கூடா. கடைசியாக் குடிச்சு ஆறு மணித்தியாலத்துல இருந்து ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம். ரெண்டாம் மூண்டாம் நாள்ல ஆள் நிதானம் தவறி, இல்லாத பூச்சியெல்லாம் சுவத்துல ஊருது எண்டு கத்துறது, உடம்பு கொதிக்கிறது, வேர்த்து ஊத்துறது, நெஞ்சு படபடக்கிறது எல்லாம் வரலாம், கவனிக்காம விட்டா உயிரே போகும். நம்மட ஊர்ல இதக் கண்டா பேய் புடிச்சிட்டு எண்டு நூல் கட்டக் கூட்டிட்டுப் போற ஆக்கள் இன்னும் இருக்காங்க, கட்டுங்க வேணாம் எண்டு சொல்லல்ல, ஆனா முதல்ல ஆஸ்பத்திரி, மறுகா நூல்.

மட்டக்களப்பு போதனா ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும் எண்டு இல்ல, களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் எண்டு பக்கத்துல எந்த ஆஸ்பத்திரி இருக்கோ அங்க ஓபிடிக்கு, அதான் வெளிநோயாளர் பிரிவுக்குப் போய் உண்மையச் சொல்லுங்க: என்ன குடிக்கிற, ஒரு நாளைக்கு எவ்வளவு, எத்தினை வருசமா, கடைசியா எப்ப குடிச்ச. சாராயமா, கள்ளமாக் காய்ச்சுற கசிப்பா எண்டதையும் மறைக்காம சொல்லுங்க, அவங்க பொலிஸ் இல்ல. கொஞ்ச நாளைக்கு நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்க மாத்திரை தருவாங்க, விற்றமின் பி1 குடுப்பாங்க. அரசாங்க ஆஸ்பத்திரி, காசு இல்ல. வலிப்பு வந்திட்டு, ஆள் நினைவு இல்ல எண்டா ஓட்டோ தேடிக்கொண்டு நிக்காம 1990க்கு அடிங்க, அம்புலன்ஸ் இலவசமா வரும்.

ஆஸ்பத்திரி உடம்பைச் சரியாக்கி வீட்ட அனுப்பும். ஆனா சனிக்கிழம பின்னேரம் கூட்டாளிமார் மோட்டர்சைக்கிள்ல வந்து கேற்றடியில ஹோர்ன் அடிக்கேக்க என்ன செய்றது எண்டு ஆஸ்பத்திரியில சொல்லித் தரமாட்டாங்க. அதுக்குத்தான் கூட்டம்.

கூட்டம் எண்டு நான் சொல்றது பெரும்பாலும் ஏஏ, முழுப் பேர் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935ல அமெரிக்காவுல ஏக்ரன் எண்ட ஊர்ல, நியூயோர்க்ல பங்குச்சந்தையில வேலை செஞ்ச பில் எண்ட ஒருத்தரும், பொப் எண்ட ஒரு சத்திரசிகிச்சை டொக்டரும் சந்திச்சதுல தொடங்கினது. ரெண்டு பேருமே மோசமான குடிகாரங்க, டொக்டருக்கே மருந்து தெரியாத வருத்தம் எண்டு வையுங்களன். பொண்டாட்டி அழுது பார்த்து, டொக்டர்மார் சொல்லிப் பார்த்து நிக்காத குடி, ஒரு குடிகாரன் இன்னொரு குடிகாரனோட இருந்து மனம்விட்டுக் கதைச்சதுல நிண்டுது. அந்த டொக்டர் கடைசியாக் குடிச்ச ஜூன் 10ஐத்தான் ஏஏ பிறந்த நாளா இண்டைக்கும் வச்சிருக்காங்க. பன்னெண்டு படி எண்டு சொல்ற குடிய விட்டு வாழுற வழிமுறை, அத எழுதின புத்தகம் எல்லாம் மறுகா வந்தது.

இப்ப தேடுற விசயம். எந்த ஊர்ல எந்தக் கிழமை எத்தினை மணிக்கு எண்டு நான் இஞ்ச பட்டியல் போடப் போறல்ல, ஏனெண்டா சின்னக் குழுக்கள் இடமும் நாளும் மாத்திக்கொண்டே இருக்கும், பழைய பட்டியலப் பார்த்து வந்து பூட்டின கதவைக் கண்டிட்டுத் திரும்பிப் போற ஆள் நேரா எங்க போவார் எண்டு உங்களுக்கே தெரியும். அதால யாரிட்டக் கேட்கிற எண்டு சொல்றன், கேட்டு போன்ல உறுதிப்படுத்திக்கொண்டு போங்க.

முதல் இடம் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு. அந்தப் பேரக் கேட்டதும் "நான் என்ன பைத்தியமா" எண்டு எழும்புற ஆக்கள்தான் கூட, குடிக்கு வைத்தியம் பார்க்கிறதும் அங்கதான், அதுக்கு மேல அதுல ஒண்டும் இல்ல. அங்க இருக்கிற டொக்டர், நேர்ஸ்மாருக்குத்தான் விட்ட ஆள் ஆர், விட்டுட்டு நல்லா இருக்கிற ஆள் ஆர் எண்டு தெரியும். ஆனா கேட்கிற மாதிரிக் கேட்கணும். "சேர் ஏதும் உதவி இருக்கா" எண்டு கேட்டா அடுத்த கிளினிக் திகதியக் கொப்பியில எழுதித் தந்து விட்டுடுவாங்க. "குடிய விட்ட ஆக்கள் ஒண்டு கூடிக் கதைக்கிற குழு ஏதும் இருக்கா, எந்த நாள், ஆரோட கதைக்கணும்" எண்டு நேராக் கேளுங்க. குழு இல்லாட்டி, "விட்டுட்டு இருக்கிற ஒருத்தரோட கதைக்க ஏலுமா, அவரிட்டக் கேட்டுப் பாருங்க" எண்டு கேளுங்க. இந்த ரெண்டாவது கேள்வியை ஆரும் கேட்கிறல்ல, ஆனா அதுதான் கூடப் பிரயோசனப்படும்.

பிரதேச செயலகத்துல சமூக சேவை உத்தியோகத்தர் இருப்பார், கன இடத்துல உளவளத்துணை பார்க்கிற ஆளும் இருப்பாங்க. போன்ல எண்டா 1927, அது தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின்ட இலக்கம். 1926 தேசிய மனநல நிறுவனத்துட இலக்கம். எடுத்ததும் சிங்களத்துல கதைச்சா பயந்து வைச்சிடாதீங்க, தமிழ்ல கதைக்கிற ஒருத்தரத் தாங்க எண்டு கேளுங்க. சேர்ச்சுலயும் கேட்கலாம், நீங்க சைவம் எண்டாலும் பரவால்ல, உலகம் முழுக்க ஏஏ கூட்டம் கன இடத்துல சேர்ச்சுட மண்டபத்தையோ பள்ளிக்கூட வகுப்பையோ வாடகைக்கு எடுத்துத்தான் நடக்குது, அதால சுவாமிமாருக்கு விசயம் தெரிஞ்சிருக்க வாய்ப்புக் கூட. கொழும்புல ஏஏ நடக்குது, வேலைக்கு கொழும்புல நிக்கிற பொடியனுகள் அங்கயே தொடங்கிட்டு ஊருக்கு வரேக்க அந்த ஆக்களிட்டக் கிழக்குல ஆரும் தெரியுமா எண்டு கேட்டுக்கொண்டு வரலாம். போன்ல மீட்டிங் கைட் எண்டு ஏஏயின்ட அப் ஒண்டும் இருக்கு.

போறதுக்கு முதல் பஸ் நேரத்தப் பாருங்க. சின்ன விசயம் மாதிரித் தெரியும், ஆனா வாவிக்கு மேற்கால இருக்கிற படுவான்கரை ஆக்களுக்கு இதுதான் பெரிய விசயம். கூட்டம் பொழுதுபட முடிஞ்சா வெல்லாவெளிக்கோ வவுணதீவுக்கு அங்காலயோ திரும்ப பஸ் இருக்கா? கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக்கு மண்முனைப் பாலம் வந்தாப் பிறகு மோட்டர்சைக்கிள்ல கடல் பக்கம் இருக்கிற எழுவான்கரைக்கு வாறது லேசு, பஸ்ஸ நம்பி இருக்கிற ஆள் எண்டா திரும்பி வாற வழியையும் முதலே யோசிச்சு வையுங்க. பஸ் ஸ்டாண்டுல ஒரு மணித்தியாலம் சும்மா நிக்கிறது, அதுவும் பக்கத்துல வைன் ஸ்டோர் இருக்கிற ஸ்டாண்ட் எண்டா, முதல் மாதத்துல நல்லதில்ல.

சரி, உண்மையான பிரச்சின இது ஒண்டுமில்ல. இடம் தெரியும், பஸ் இருக்கு, காசு கேட்கிறல்ல, ஆனாலும் போகமாட்டாங்க. ஆரும் கண்டா? நம்மட ஊர் சின்ன ஊர், ஆளக் கண்டா எந்த ஊர், ஆர்ர மகன், என்ன குடி (வம்சம்) எண்டு விசாரிக்காட்டி நம்மட ஆக்களுக்குச் சோறு செமிக்கா. பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குது, தம்பி பேங்க்ல வேலை, இதுல நான் போய் குடிகாரர் கூட்டத்துல இருந்தன் எண்டு தெரிஞ்சா எண்டு யோசிப்பாங்க. முஸ்லிம் சகோதரர்மாருக்கு இந்தப் பயம் இன்னும் ரெண்டு மடங்கு. நான் இதச் சின்னப் பயம் எண்டு சொல்லவே மாட்டன், ஆனா ரெண்டு விசயம் யோசிச்சுப் பாருங்க. நீங்க குடிக்கிறது ஊருக்கு ஏற்கனவே தெரியும், தெரியாது எண்டு நினைக்கிறது நீங்க மட்டும்தான். மத்தது, அந்த அறைக்குள்ள உங்களக் காணுற ஆளும் அதே அறைக்குள்ளதான் இருக்கார், உங்கட கதைய வெளிய சொன்னா தன்ட கதையும் சேர்ந்து போகும் எண்டு அவருக்கும் தெரியும்.

அப்பிடியும் மனம் கேட்கல்லையா, பக்கத்து ஊருக்குப் போங்க. மட்டக்களப்பு கல்முனை றோட்டுல பஸ்ஸுக்குப் பஞ்சமே இல்ல, கல்லடி ஆள் களுவாஞ்சிக்குடிக்குப் போகலாம், தம்பிலுவில் ஆள் கல்முனைக்குப் போகலாம். பேர் சொல்லணும் எண்டா முதல் பேர் போதும், வேற பேர் சொன்னாலும் ஐடென்டிக் காட்டச் சொல்லி ஆரும் கேட்கப் போறல்ல.

உள்ள என்ன நடக்கும்? பத்துப் பேரும் இருக்கலாம், மூணு பேரும் இருக்கலாம். ஒரு மணித்தியாலம், கூடினா ஒண்டரை. தேத்தண்ணி இருக்கும். ஒருத்தர் கூட்டத்த நடத்துவார், அவர் தலைவரும் இல்ல டொக்டரும் இல்ல, அவரும் குடிச்ச ஆள்தான், அண்டைக்கு அவர்ர முறை. படிகள வாசிப்பாங்க, மறுகா ஒவ்வொருத்தரா "என்ட பேர் இது, நான் ஒரு குடிநோயாளி" எண்டு சொல்லிட்டு தங்கட கதையச் சொல்லுவாங்க, குடிக்கேக்க எப்பிடி இருந்தன், என்ன நடந்துது, இப்ப எப்பிடி இருக்கன். உங்கட முறை வரேக்க கதைக்க விருப்பமில்லாட்டி "நான் இண்டைக்குக் கேட்டுக்கொண்டு இருக்கன்" எண்டு சொன்னாப் போதும். முதல் நாள் வாயே திறக்காம இருந்து தேத்தண்ணியக் குடிச்சிட்டு வாற ஆக்கள்தான் கூடப் பேர்.

ஒருத்தர் கதைக்கேக்க குறுக்க கதைக்கிறதும் புத்தி சொல்றதும் இல்ல. நம்மட ஆக்களுக்கு இதுதான் கஸ்டமான சட்டம், ஒருத்தன் தன்ட கஸ்டத்தச் சொன்னா உடனே "நீ இப்பிடிச் செய் மச்சான்" எண்டு தொடங்கிடுவம். அங்க அது கூடா, கேட்கிறது மட்டும்தான்.

காசு இல்ல. உண்டியல் மாதிரி ஒண்டு சுத்தி வரும், வாடகைக்கும் தேத்தண்ணிக்கும், புது ஆள் போடத் தேவையில்ல. குடிய விடணும் எண்ட ஆசை இருந்தாப் போதும், சேர வேற தகுதி கேட்கிறல்ல, விட்டிருக்கணும் எண்டும் இல்ல. வெறியில போனாக் கூட பின்னுக்கு இருந்து கேட்கலாம், கதைக்க வேணாம், சண்டை புடிக்க வேணாம். சில கூட்டம் ஓப்பன், வீட்டு ஆக்களும் வரலாம், சிலது மூடின கூட்டம், குடிப் பிரச்சின உள்ள ஆக்களுக்கு மட்டும். பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போறதா இருந்தா இத முதலே கேட்டுக்கொள்ளுங்க.

கடவுள் கதை வரும். படிகள்ல கடவுள் எண்ட சொல் இருக்கு, ஆனா அவரவர் விளங்கிக்கொள்ற மாதிரியான கடவுள் எண்டு சேர்த்தே எழுதியிருக்கு, மாமாங்கேஸ்வரரும் சரி, யேசுவும் சரி, அல்லாஹ்வும் சரி, ஒண்டும் இல்ல எண்ட ஆளுக்கு அந்தக் குழுவே சரி. ஏஏ எந்தச் சமயத்தோடயும் சேர்ந்தது இல்ல. நீங்க போன இடத்துல மதம் மாறினாத்தான் குடி விடும் எண்டு சொன்னா அது ஏஏ இல்ல, வேற கூட்டம். கடவுள் கதையே வேணாம் எண்ட ஆக்களுக்கு 1994ல தொடங்கின ஸ்மார்ட் ரிகவரி எண்டு ஒண்டு இருக்கு, யோசிக்கிற முறைய மாத்துற பயிற்சிகள் சார்ந்தது, ஒன்லைன்ல கூட்டம் நடக்கும், இங்கிலிஸ் தெரிஞ்சா லேசு.

அதே மாதிரி ஆளாளுக்கு போட்டோ எடுத்து, பேர் அடையாள அட்டை இலக்கம் எழுதிக் கையெழுத்து வாங்கி, பேனர் புடிச்சு பேஸ்புக்ல போடுற நிகழ்ச்சி எண்டா அதுவும் நான் சொல்ற கூட்டம் இல்ல. விழிப்புணர்வுக் கருத்தரங்குக்கு அது சரி, குடிய விட வந்த ஆளுக்குச் சரிவரா. கமராவக் கண்டா எழும்பி வந்திடுங்க.

முதல் கூட்டம் புடிக்காட்டி அதோட முடிவெடுக்காதீங்க. அண்டைக்குக் கதைச்ச ஆள் அறுவையா இருந்திருக்கலாம், உங்களுக்கு நித்திரை இல்லாம இருந்திருக்கலாம். ஒரு நாலஞ்சு தரம் போய்ப் பாருங்க, ஏலுமெண்டா வேற குழுவுக்கும் போய்ப் பாருங்க. வெளிநாட்டுல தொண்ணூறு நாளைக்கு தொண்ணூறு கூட்டம் எண்டு சொல்லுவாங்க, நம்மட பக்கம் அது நடக்காத காரியம், கிழமைக்கு ஒண்டு நேர்ல, மத்த நாள்ல போன்ல எண்டு வச்சுக்கொண்டாப் போதும்.

வெளிக்கிட முதல் ரெண்டு மூணு பேர்ர போன் நம்பர் வாங்குங்க. இத வாங்காம வந்தா பாதிக் கூட்டத்துக்குத்தான் போயிருக்கீங்க. ஆசை வரேக்க, போத்தலத் திறக்க முதல் எடுக்கணும், குடிச்சிட்டு எடுத்து அழுறது மறுகா எப்பவும் செய்யலாம். ஆம்பிளைக்கு ஆம்பிளை, பொம்பிளைக்குப் பொம்பிளை எண்டு கொஞ்சக் காலம் விட்டு இருக்கிற ஒருத்தர வழிகாட்டியா வச்சுக்கொள்றது வழக்கம், ஸ்பொன்சர் எண்டு சொல்லுவாங்க, பேரப் பார்த்து காசு தாற ஆள் எண்டு நினைச்சிடாதீங்க.

எப்ப எடுக்க வேண்டி வரும் எண்டு நம்மட ஊர் ஆளுக்குச் சொல்லத் தேவையில்ல. வேளாண்மை வெட்டிக் காசு கைக்கு வாற கிழம. சித்திரை வருசம். செத்த வீட்டுல ராவு முழிச்சிருக்கேக்க பின் வளவுல. கல்யாண வீட்டுல. கட்டாருல இருந்து மச்சான் டியூட்டி ஃப்ரீ போத்தலோட வந்து இறங்கின அண்டைக்கு. இதுகளுக்கு முதல் நாளே ஒரு கோல் எடுத்து "நாளைக்கு இப்பிடி ஒரு இடத்துக்குப் போறன்" எண்டு சொல்லி வையுங்க. போகாமலே விட ஏலுமெண்டா இன்னும் நல்லம், மச்சான் கோவிச்சாக் கோவிக்கட்டும். பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நாலுல ஒண்டு வந்தாலும் ஆசை கிளம்பும் எண்டு ஏஏயில சொல்லுவாங்க, பசிக்குச் சோத்தத் திண்டாலே பாதி நேரம் அடங்கிடும்.

கன பேர் சொல்ற ஒரு கதை இருக்கு, "நான் நினைச்சா விடுவன், கண்ணகி அம்மன் சடங்குக்கு ஒரு சொட்டும் தொடல்ல, கதிர்காமத்துக்கு நடந்து போகேக்க முழுக்க விரதம்." உண்மைதான். ஆனா சடங்கு குளிர்த்தியோட முடிஞ்சிடும், யாத்திரை கொடியேத்தம் கண்டதோட முடிஞ்சிடும், முடிஞ்ச அண்டைக்கு எங்க நிண்டீங்க? நேர்த்திக்கு முடிவு நாள் இருக்கு, குடிக்கு இல்ல. அதனாலதான் இதுல வாழ்நாள் முழுக்க விடுறன் எண்டு சத்தியம் கேட்கிறல்ல, இண்டைக்கு ஒரு நாள், அடுத்த 24 மணித்தியாலம் தொடமாட்டன், அவ்வளவுதான். நாளைக்கு விடிய திரும்பவும் அதே கணக்கு. இடையில வழுக்கி விழுந்திட்டா அடுத்த கூட்டத்துக்கே போய் "குடிச்சிட்டன்" எண்டு சொல்லுங்க. ஏசமாட்டாங்க, அந்த அறையில கூடுதலான ஆக்கள் விழுந்து எழும்பினவங்கதான்.

நேர்ல போக ஏலாத ஆக்களுக்கு சூம். தமிழ்நாட்டுல ஏஏ குழுக்கள் தமிழ்லயே கூட்டம் நடத்துறாங்க, இந்தியா நேரமும் நம்மட நேரமும் ஒண்டுதான், ராத்திரி எட்டு மணி எண்டா இஞ்சயும் எட்டு மணி. ஒன்லைன் ஏஏ கூட்டங்களத் தேடுற பொதுப் பட்டியல் இருக்கு, மொழியும் நேரமும் பார்த்துத் தேடலாம். கமராவ மூடி வையுங்க, சூம்ல காட்டுற பேர மாத்துங்க, கன போன்ல முழுப் பேரும் அப்பிடியே விழும், சில நேரம் மகள்ர ஸ்கூல் சூம் பேரே விழும். ஹெட்போன் போடுங்க, வீட்டுல இடம் இல்லாட்டி வயல் வாடிக்கோ கடற்கரைக்கோ போய் இருங்க. அவங்கட தமிழ் முதல்ல கொஞ்சம் வேகமாத் தெரியும், பழகிடும்.

பொம்பிளைகளும் குடிக்காங்க, வெளிய தெரியாம. அவங்களுக்கு ஒன்லைன்ல பொம்பிளைகள் மட்டும் கூடுற கூட்டம்தான் தொடங்க லேசு. நேர்ல போனா ஒரு பொம்பிளையிட்டத்தான் நம்பர் வாங்குங்க, புதுசா வந்த பொம்பிளைக்கு ராத்திரி வாட்ஸ்அப்ல உதவி செய்ய வாற ஆம்பிளைய நம்ப வேணாம், இது எல்லா நாட்டுக் கூட்டத்துலயும் இருக்கிற வருத்தம்.

இத வாசிக்கிறது குடிக்கிற ஆள் இல்ல, அவர்ர மனிசியோ தாயோ எண்டா: உங்களுக்கு எண்டு, குடிக்கிற ஆள்ர வீட்டு ஆக்கள் கூடுற அல்-அனான் எண்ட கூட்டம் இருக்கு, 1951ல அந்த பில்லுட மனைவி லோயிஸும் இன்னொருத்தரும் சேர்ந்து தொடங்கினது, அதுக்குப் போக அவர் குடிய விட்டிருக்கத் தேவையில்ல, அவருக்குத் தெரிஞ்சிருக்கவும் தேவையில்ல. குடி மறக்கிற மாத்திரை எண்டு ஆரும் தந்தத சோத்துலயோ தேத்தண்ணியிலயோ ஒளிச்சுக் குடுக்காதீங்க. அப்பிடியான மாத்திரையில ஒண்டு டைசல்பிராம், அது போட்ட உடம்புல சாராயம் போனா முகம் சிவந்து, வாந்தி எடுத்து, பிறசர் விழுந்து ஆளே போகலாம், அது டொக்டர் பார்த்து, குடிக்கிற ஆளுக்குத் தெரிஞ்சு குடுக்கிற மருந்து. அடி விழுதெண்டா 1938, பெண்களுக்கான இலக்கம், கூட்டம் எல்லாம் அதுக்குப் பிறகு.

எல்லாம் கேட்டுப் பார்த்தும் பக்கத்துல குழு இல்லையா, அப்ப நீங்க தொடங்கலாம். அனுமதி எடுக்கத் தேவையில்ல, குடிய விட எண்டு ரெண்டு மூணு குடிநோயாளிகள் ஒண்டு கூடினா அதுவே ஏஏ குழு எண்டு, மரபு எண்டு அவங்க சொல்ற குழு விதிகள்ல மூண்டாவதுல இருக்கு, வேற எதோடயும் சேர்ந்து இருக்கக் கூடா எண்டது மட்டும்தான் நிபந்தனை. இந்த நிபந்தனைய லேசா எடுக்காதீங்க. 2004 சுனாமிக்குப் பிறகு நம்மட கரைக்கு வந்த திட்டங்கள்ல எத்தினை, காசு முடிய பேர்ப்பலகையோட நிண்டு போச்சு எண்டு பார்த்த ஊர் இது, அதால நிறுவனம் ஒண்டு பணம் தாறன் எண்டாலும், அரசியல்வாதி மண்டபம் கட்டித் தாறன் எண்டாலும் வேணாம் எண்டு சொல்லிடுங்க. வாசிகசாலையோ, சேர்ச் மண்டபமோ, டியூசன் வகுப்போ ஒண்டு பாருங்க, கொஞ்சமாவது வாடகை குடுங்க, அப்பத்தான் ஆரும் வந்து கட்டளை போட ஏலாது. ஆர்ர வீட்டுலயும் வைக்க வேணாம், அவரோட கோபம் எண்டா குழுவும் போச்சு.

நாளையும் நேரத்தையும் மாத்தவே மாத்தாதீங்க, பெருநாள் எண்டாலும் சரி, மழை எண்டாலும் சரி. மார்கழி வெள்ளத்துல றோட்டு மூடினா போன்லயாவது அதே நேரத்துக்குக் கூடுங்க. சாவி ரெண்டு பேரிட்ட இருக்கட்டும். முதல் மாதங்கள்ல ஒருத்தரும் வராம நீங்க மட்டும் இருக்கிற நாள் வரும், ஆறு மணிக்குத் திறந்தா ஏழு மணி மட்டும் திறந்து வச்சிருங்க, அஞ்சே முக்காலுக்கே வந்து வாசலடியில மோட்டர்சைக்கிள்ல இருந்து யோசிச்சுக்கொண்டு இருக்கிற ஆள் ஆறரைக்குத்தான் உள்ள வருவார். பக்கத்து ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுல நாளும் நேரமும் ஒரு போன் நம்பரும் எழுதின துண்டக் குடுத்து வையுங்க, ஓபிடியிலயும் ஒண்டு, பிரதேச செயலகத்துல ஒண்டு. துண்டு முடிஞ்சுதா எண்டு மாதத்துக்கு ஒருக்காப் போய்ப் பாருங்க.